ஆற்றுக் கதவும் மீன்குஞ்சும்

பெரகலச் சந்தியில், கொழும்பிலிருந்து வரும் பெருந்தெரு இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மலையேறிச் செல்லும். மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். தெருவைப் போலவே நீரும் இம்மலைமுடியிற் பிரிகின்றது. வடசரிவில் விழும் மழை உமா ஓயா முதலிய ஓடைகளிற் சேர்ந்து மகாவலி கங்கையுடன் கலந்து திருகோணமலைப் பக்கத்துக் கடலை அடையும். தென்சரிவில் விழுவது மேற்கே வளவை கங்கையாகவும் கிழக்கே கிரிந்தி ஓயாவாகவும் ஓடி அம்பாந்தோட்டைக் கரையை அடையும். மேலே உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியும் பயிரிடுவோரும், கீழே நெல் விதைப்போரும் இந்நீரையே நம்பி வாழ்கின்றனர். இம்மூன்று ஆறுகளுள் அணையும் கதவும் இல்லாத ஆறு இன்று ஒன்றேனும் இல்லை.

கதவு வேண்டாம் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. கதவில்லையேல் சிறுபோகம் இல்லை, மின்விளக்கும் இல்லை. ஆயின், கதவைத் திறப்பதும் மூடுவதும் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உரிமை கோருவோர் இருவராகவே காணப்படுகின்றனர். 2023 ஓகஸ்டில் உடவளவையின் கீழ் சிறுபோக நெல் நீரின்றி வாடியபொழுது, சமனலவெவ நீர்த்தேக்கத்தைத் திறந்துவிடுவதா, தென்பகுதி மின்வழங்கலுக்காக நீரைக் காத்துவைப்பதா என்னும் வழக்கு நாடெங்கும் பேசப்பட்டது. முடிவில் அமைச்சரவை தலையிட்டு நீரை விடச் செய்தது. அங்கே ஒரு பக்கம் மின்சாரம், மறுபக்கம் நெல். அந்நீரிலேயே பிறந்து வளரும் மீனைப்பற்றி எவரும் வாய்திறந்ததாகத் தோன்றவில்லை.

மீனுக்காக நெல்லின் பங்கைக் குறைக்கவேண்டும் என்று நாம் வாதிக்க வரவில்லை. நெல்லுக்காக விடப்படும் அதே நீர், விடப்படும் முறை சற்று மாறினால், மீன்குஞ்சையும் காப்பாற்றும் என்பதே எமது கருத்து. அளவைக் காட்டிலும் முறையே இதிற் பெரிது.

இதனை விளங்கிக்கொள்ள, மீன்குஞ்சின் முதற் சில நாட்களைப்பற்றி அறிதல் வேண்டும். விரால் மீன் கரையோரப் புல்லிடையே முட்டையிட்டுத் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துத் திரிவதைக் கமக்காரர் எல்லோரும் கண்டிருப்பர். 1952 ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா தன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துப் பேணும். ஆற்றுமீன்களிற் பலவற்றின் வழக்கம் இதுவன்று. கெண்டை வகைகள் பல, புதுவெள்ளத்தின் குளிர்ச்சியும் கலங்கலும் உடலிற் பட்டவுடன் ஆற்றை எதிர்த்து ஏறி, ஓடும் நீரில் முட்டையிட்டுவிட்டு, அவற்றைத் திரும்பிப் பாராமற் போய்விடுகின்றன. பின்னர் அம்முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆறே செவிலித்தாய்.

முட்டையினின்று வெளிவந்த குஞ்சு அரைச் சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். கண் சரியாகத் தெரியாது, வாயும் திறந்திராது, செட்டையும் முற்றியிராது. வயிற்றோடு ஒட்டிய மஞ்சட்கருப் பையே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதன் உணவு. நீரோட்டத்தை எதிர்த்து ஒரு முழமேனும் செல்ல அதனால் இயலாது. ஓட்டம் கொண்டுபோகும் வழியே மிதந்து செல்லும். பெரும்பாலான இனங்களின் குஞ்சுகள் இரவிலேயே இவ்வாறு மிதந்து செல்கின்றன. பார்த்து இரைதேடும் பெருமீனின் கண்ணுக்கு இருளில் அவை எளிதிற் புலப்படுவதில்லை. பொழுது புலரும்போது கரையோரத்துச் சிறு ஒதுக்குகளில், புல்வேரின் அடியில், கல்லின் மறைவில் தங்கிவிடும். மஞ்சட்கரு தீரும் நாளுக்குள் நுண்ணுயிர் நிறைந்த மெல்லோட்ட நீரை அடைந்தால் அது பிழைக்கும். அடையாவிடின் பட்டினியால் மடியும். எனவே மீன்குஞ்சின் வாழ்வு ஒருவகையில் நேரக் கணக்கே.

இக்கணக்கை அணை மூன்று வழிகளிற் குழப்புகின்றது. முதலாவது, ஓட்டம் நின்றுவிடுதல். நீர்த்தேக்கத்தினுட் புகுந்தவுடன் ஆற்றின் வேகம் அடங்கிவிடும். மிதந்துவந்த முட்டை கீழே படியும். படிந்த முட்டையை வண்டல் மூடும். உமா ஓயாவின் வண்டல் ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் எவ்வளவு நிறைந்தது என்பது பொறியியலாளர் யாவரும் அறிந்த செய்தி. சாய்நிலத்தில் அணைவரம்பின்றி மரக்கறி பயிரிடும் நம்மவருக்கும் அதிற் பங்குண்டு என்பதை மறைப்பதிற் பயனில்லை.

இரண்டாவது, முதல் வெள்ளம் காணாமற் போதல். ஊவாவில் ஆனி முதல் புரட்டாதி வரை வறட்சி. ஒக்டோபரில் மழை தொடங்கும். வறட்சியின் முடிவில் நீர்த்தேக்கம் தாழ்ந்து கிடக்குமாதலால், முதல் வெள்ளம் முழுவதையும் அது விழுங்கிக்கொள்ளும். கீழே உள்ள மீனுக்கு மழைக்காலம் வந்த செய்தியே எட்டாது. வயிற்றில் முட்டை முற்றியிருந்தும் ஏறிச்செல்ல வெள்ளம் இல்லை.

மூன்றாவது, நீர் திடீரென ஏறுவதும் திடீரென இறங்குவதும். இதுவே எல்லாவற்றிலும் கொடியது. எனினும் எளிதில் மாற்றக்கூடியதும் இதுவே. இயற்கை வெள்ளம் விரைவில் ஏறினும் சிறிது சிறிதாகவே வடியும். கதவை ஒரேயடியாக மூடினால் ஒரு நாளில் வடியவேண்டிய நீர் ஒரு மணித்தியாலத்தில் வடிந்துவிடும். அப்பொழுது கரையோர ஒதுக்கிலே தங்கிய குஞ்சு, தன்னைச் சூழ்ந்த நீர் எங்கே போயிற்று என்று அறியுமுன்பே மணலிற் கிடக்கும். அடுத்த நாட் காலையிற் சென்று பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அரைச் சென்ரிமீற்றர் உயிர் வெயிலில் உலர்ந்தபின் அடையாளம் ஏது? இவ்விழப்பைப்பற்றி எவரும் முறையிடாமைக்குக் காரணமும் இதுவே.

பிற நாட்டார் இதனைப் பட்டறிந்திருக்கின்றனர். சீனத்து யாங்சி ஆற்றிலே புற்கெண்டை, வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக்கெண்டை, கருங்கெண்டை ஆகிய நான்கும் முட்டையிட்டுப் பெருகி வந்தன. இவற்றின் முட்டை ஓடும் நீரில் மிதந்துகொண்டே பொரிப்பது. நிலைநீரில் ஆழ்ந்து அழிவது. முப்பள்ளத்தாக்கு அணையில் 2003 இல் நீர் தேக்கப்பட்டபின் ஆற்றில் மிதந்துவரும் குஞ்சுகளின் தொகை பெரிதும் வீழ்ந்தது. 2011 முதல், முட்டையிடும் காலமாகிய மே, யூன் மாதங்களிற் சில நாட்களுக்கு அணையிலிருந்து நீரை நாளுக்கு நாள் கூட்டிவிட்டுச் செயற்கைப் புதுவெள்ளம் உண்டாக்கி வருகின்றனர். மாரி வெள்ளத்துக்கு இடம்விட எப்படியும் அந்நீரை இறக்கவேண்டிய காலம் அது. ஆதலின், வேறு காரணத்துக்காக விடவேண்டிய நீரையே மீனுக்கு ஏற்ற வடிவில் விடுகின்றனர். நாம் மேற்கூறிய கருத்தும் இதுவே.

அருகிலும் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டுக் காவிரியில் உல்லம் என்னும் மீன் கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும். அதன் குஞ்சுகள் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குத் திரும்பும். 1934 இல் மேட்டூர் அணை முடிந்தபின் அம்மீன்பிடி நலிந்தது. தஞ்சை வயல்களுக்கு மேட்டூர் அளித்த நன்மையை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் போனது திரும்பவில்லை.

இனி நம் மலையடிவாரத்துக்கு வருவோம். வளவை கங்கையும் பெலிகுல் ஓயாவும் கூடுமிடத்தில் அமைந்த சமனலவெவ அணையில் 1992 இல் நீர் நிரப்பப்பட்டபொழுது, வலக்கரை மலையிலுள்ள சுண்ணாம்புப் பாறையினூடாகப் பெரும் ஒழுக்கு ஏற்பட்டது. அதனை அடைக்கச் செய்த முயற்சிகள் முற்றாகப் பலிக்கவில்லை. நொடிக்கு ஏறக்குறைய 2 கன மீற்றர் நீர் அணைக்குக் கீழே ஆற்றில் வெளிவந்தது. பொறியியற் கணக்கில் இது பெருங்குறை. அந்நீரால் மின்சாரம் பிறப்பதில்லை. ஆனால் ஆற்றின் கணக்கு வேறு. மின்னிலையத்துக்குச் செல்லும் நீர் 5 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தினூடாக வேறோர் ஓடையில் விடப்பட்டு, நெடுந்தூரம் கீழே சென்றே வளவையை மீண்டும் சேர்கின்றது. இடைப்பட்ட ஆற்றுக்கு உரியதாக நிலையாக ஓடியது ஒழுக்கு நீரே. கல்தொட்டைக் கமக்காரரின் வயல்களும் இவ்வொழுக்கையும், பற்றாக்குறைக்கு அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீரையும் கொண்டே விளைகின்றன. எந்த நிபுணரும் திட்டமிடாத ஒரு குறைந்தபட்ச நீரோட்டம் இவ்வாறு மலையின் ஓட்டையால் அந்த ஆற்றுக்குக் கிடைத்தது! பூட்டமுடியாத கதவு ஒன்று அங்கே இருந்தமையால் ஆறு ஆறாகவே இருந்தது என்று சொல்லலாம்.

எனினும் ஒழுக்கு என்பது ஏற்ற இறக்கமில்லாத நீர். அது குஞ்சை உயிரோடு வைத்திருக்க உதவும். தாய்மீனை முட்டையிட அழைக்காது. அழைப்பது ஏறுகின்ற நீர். ஈண்டுதான் கல்தொட்டைக் கமக்காரர் செய்யக்கூடியது உண்டு. போகத் தொடக்கத்தில் உழவுக்கென அணையிலிருந்து விடப்படும் நீர் ஆற்றினூடாகவே வந்து அவர்களின் அணைக்கட்டை அடைகின்றது. அதனை ஒரே நாளில் முழு அளவில் விடாமல், மழை தொடங்கிய நாட்களோடு பொருந்த மூன்று நான்கு படிகளாகக் கூட்டி, முறை முடியும்போது அவ்வாறே படிபடியாகக் குறைத்தால், உழவுக்கு வரும் நீரின் மொத்தத்தில் யாதொரு குறைவும் நேராது. முதல் நாள் சிலருக்கு நீர் தாமதமாகலாம் என்பது உண்மை. அத்தாமதத்தை மேல்மடை, கீழ்மடைக் கமக்காரர் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்ளல் இயலும். மின்சார சபையைப் பொறுத்தவரை, வால்வைத் திருகும் கைக்கு இன்னும் சிறிது வேலை, அவ்வளவே.

உமா ஓயாவின் நிலை இதனினும் கடினமானது. 2024 ஏப்ரலிற் திறந்துவைக்கப்பட்ட திட்டத்தின்படி, வெலிமடைப் பகுதியில் புகுல்பொலவிலும், பண்டாரவளையை அடுத்த டயரபாவிலும் அணை கட்டி, 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தினூடாக நீரைக் கரந்தகொல்லையிலுள்ள நிலக்கீழ் மின்னிலையத்துக்கு இறக்கி, 120 மெகாவாற்று மின்சாரம் பெற்று, பின் கிரிந்தி ஓயாப் பக்கத்துக்கு விடுகின்றனர். இயற்கையில் மகாவலிக்குச் செல்லும் நீர் இப்பொழுது தென்கடலை நோக்கித் திரும்பியிருக்கின்றது. சுரங்கம் தோண்டுகையில் 2014 டிசெம்பரில் ஏற்பட்ட நீர்க்கசிவினாற் பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. அது தனிக் கதை. மீனைப் பொறுத்தவரை, உமா ஓயாவின் மேற்பகுதியிற் பொரித்து மிதந்துவரும் குஞ்சு சுரங்க வாயில் அகப்பட்டால், 600 மீற்றருக்கு மேற்பட்ட வீழ்ச்சியையும் சக்கரத்தின் அடியையும் தாண்டி உயிரோடு வெளிவரும் என்று எண்ண இடமில்லை. ஆகவே அக்குஞ்சைக் காக்கவேண்டிய இடம் சுரங்கமன்று, அணையே. அணைக்கு மேலாக வழிந்தோ தனி மடையினூடாகவோ பழைய ஆற்றில் விடப்படும் நீர்தான் அதன் வழி. குறைந்தபட்ச நீரோட்டம் என்பது நிபந்தனைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பின் மட்டும் போதாது; மழை தொடங்கும் வாரங்களில், அதுவும் இரவில், அது ஓடுகின்றதா என்பதே கேள்வி.

கிரிந்தி ஓயாக் கமக்காரருக்கு இத்திட்டத்தாற் புதுநீர் கிடைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனித்தல் நன்று. நம் நாட்டில் மின்சாரத்தின் உச்சத் தேவை மாலை விளக்கேற்றும் நேரம் முதல் இரவு பத்து மணி வரையாகும். மின்னிலையம் அத்தேவைக்கேற்ப இயங்கும்போது நீர் மாலையில் ஏறி நள்ளிரவுக்கு முன் இறங்கும். குஞ்சு மிதந்து செல்லும் நேரமும் அதுவே. ஏறும் நீர் அவற்றைக் கரைமேட்டுக்குக் கொண்டுசெல்ல, இறங்கும் நீர் அங்கேயே விட்டுச்செல்லும். மின்னிலையத்துக்குக் கீழே ஒரு குளமோ தேக்கமோ நடுவில் நின்று இவ்வேற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமன்செய்தால் ஆற்றுக்கும் நன்மை, வாய்க்கால் வரம்புக்கும் நன்மை. தினமும் ஏறி இறங்கும் நீர் வாய்க்கால் வரம்பை எவ்வாறு அரிக்கும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இயற்கையே தடை கட்டவில்லையா, தியலும நீர்வீழ்ச்சியில் 220 மீற்றர் உயரத்தை எந்த மீன் ஏறும் என்று கேட்போர் உண்டு. ஏறாதுதான். அருவிக்கு மேலே வாழும் மீன் மேலேயே முட்டையிட்டு மேலேயே வளரும்படி பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகியது. நேற்றுக் கட்டிய அணைக்கு எந்த மீனும் பழகவில்லை.

ஆற்றுமீன் அழிந்தாற் குளத்தில் குஞ்சு விடுவோம் என்பார் மற்றொரு சாரார். இவ்வாதம் முற்றும் தவறன்று. உடவளவையிலுள்ள அரசாங்க மீன்குஞ்சு நிலையமும் அதுபோன்ற பிறவும் நல்ல பணி செய்துவருகின்றன. திலாப்பியாவோ நிலைநீரிற் தானே பெருகிப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு மலிவான கறியாக உள்ளது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கருவாட்டினும் புதுமீன் நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் குளத்தில் விடப்படும் ரோகு, கட்லா முதலிய கெண்டைகள் பொதுவாகக் குளத்தில் முட்டையிடுவதில்லை. 1957 இல் இந்தியாவில் ஹீராலால் சௌதுரி மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியால் ஏற்றி அவற்றை முட்டையிடச் செய்தார். அதன்பின்னரே இவ்வளர்ப்பு பெருகிற்று. அதற்குமுன் ஆற்றில் மிதந்துவரும் குஞ்சை வலையிட்டு அள்ளியே குளங்களை நிரப்பினர். ஆறு இலவசமாகச் செய்ததைச் செய்ய இன்று ஊசியும் தொட்டியும் வாகனமும் பணமும் வேண்டியிருக்கின்றன. அரசாங்க உதவி நின்றாற் குளமும் வெறுமையாகும். 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்வளத்துக்கு அரசு ஆதரவு நிறுத்தப்பட்டிருந்தது என்பதை மூத்த கமக்காரர் நினைவுகூர்வர். மேலும், அயிரைக்கும் கல்லொட்டிக்கும் மகாவலியின் மேற்பகுதிக்கே உரிய கெண்டைக்கும் யார் ஊசி போடப் போகின்றனர்?

பேரணைகளின் கதவு நம் கையில் இல்லை. அணைக்கட்டின் பலகையும் வாய்க்கால் மதகும் நீரிறைக்கும் இயந்திரமும் நம் கையிலேயே உள்ளன. அவற்றில் நாம் ஒழுங்காக நடந்தபின்னரே மின்சார சபையை நோக்கி ஒழுங்கு பேசும் உரிமை நமக்கு வரும் என்று கருதுகின்றோம்.

சிற்றணைக்கட்டில் நீரை இரு வகையாக விடலாம். மேற்பலகைகளைக் கழற்றி மேலாக வழியவிடுதல் ஒன்று. அடிக்கதவைச் சில அங்குலம் உயர்த்தி அடியாற் பீறிடவிடுதல் மற்றொன்று. அவுஸ்திரேலியாவில் 2006 இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கதவினூடாகச் சென்ற மீன்குஞ்சுகள் மேலாக வழிந்த நீரிற் சென்றவற்றைக் காட்டிலும் மிகப் பெருந்தொகையாக இறந்தமை காணப்பட்டது. நெருக்கமான இடைவெளியில் நீரின் அழுத்தமும் வேகமும் மெல்லிய உடலைக் கிழித்துவிடும். ஆதலின் மழைத்தொடக்க வாரங்களில் இயன்றவரை மேற்பலகையைக் கழற்றியே நீரை விடுதல் வேண்டும். விழும் இடத்திற் கல்லின்மீது விழாமல் ஆழமான மடுவில் விழச்செய்தல் மேலும் நன்று. மண் கழுவுவதற்காக அடிக்கதவைத் திறக்கவேண்டியிருந்தாற் பகலில் முழுமையாகத் திறந்துவிடுக.

முறைநீர் முடிந்து வாய்க்காலை மூடுங்கால், மாலையில் ஒரேயடியாக மூடிவிட்டு வீடு செல்லும் வழக்கம் எங்கும் உண்டு. மறுநாள் வாய்க்காற் குழிகளிற் சிறுவர் மீன் அள்ளுவதைக் கண்டு மகிழ்கின்றோம். அள்ள அகப்படாத குஞ்சுகளை எவரும் எண்ணுவதில்லை. பாதி மூடி, ஓரிரவு கழித்து முழுதும் மூடுதல் போதும். வாய்க்காலின் கடைமுனை வடிகாலினூடாக ஆற்றோடு தொடர்புற்றிருந்தால், நீர் குறைவதை உணர்ந்த மீன் தானே இறங்கிப் போகும். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வருமுன் வெல்விதானையின் கண் வாய்க்காலில் இருந்தது. அவரது அதிகாரத்தை மீண்டும் விரும்புவார் இல்லை, ஆயினும் மதகை மூடுபவர் இன்னார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேட்டு நில மரக்கறிச் செய்கையாளர் ஓடையில் இயந்திரம் வைத்து இறைக்கும்போது, உறிஞ்சு குழாயின் முனையைக் கரையோரப் புல்லிடையே போடுவது வசதிதான். குஞ்சு தங்கும் இடமும் அதுவே. முனையைச் சற்று உள்ளே, ஓட்டமுள்ள இடத்தில், கொசுவலை சுற்றிய கூடையினுள் இட்டால் குஞ்சும் தப்பும், குப்பை ஏறி இயந்திரம் அடைபடுவதும் குறையும். இரவில் இறைப்பதை விட்டு அதிகாலை வெளிச்சம் வந்தபின் இறைத்தல் நன்று. மணல் மூடை அடுக்கி ஓடையைக் கரைக்குக் கரை மறிப்பது மட்டும் எக்காலத்தும் ஆகாது. ஒரு மூடை அகலமேனும் வழி விடப்படல் வேண்டும்.

இவற்றைத் தனி ஒருவர் தம் மதகில் மட்டும் செய்தாற் பயன் சிறிது. பெரும்போகத் தொடக்கத்தில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு நீர்ப்பாசன அலுவலரும் கமநல அலுவலரும் வருவர். விதைப்பு நாளும் நீர் நிறுத்தும் நாளும் அங்கேயே முடிவாகின்றன. அம்முடிவுகளோடு, முதல் நீரை எத்தனை படியாகக் கூட்டுவது, கடைசி நீரை எத்தனை மணித்தியாலத்திற் குறைப்பது, அணைக்கட்டுப் பலகைக்கும் மதகுக்கும் பொறுப்பாளர் யார் என்னும் மூன்றையும் கமக்காரர் அமைப்பின் குறிப்பேட்டில் எழுதச் செய்க. அணையின் நீரை விடும் அதிகாரிகளுக்கும் அதன் பிரதியொன்றை ஒக்டோபர் மழைக்கு முன்னரே அனுப்புதல் வேண்டும். மழை தொடங்கியபின் அனுப்பினால் அவ்வருடத்துக் குஞ்சு போய்விட்டிருக்கும்.